அக்காவிடம் கேளுங்கள்: தனுஷ்கோடிக்குக் குடும்பத்தோடு

ஒரு வாசகி, திருநகர், மதுரை: அக்கா, அரையாண்டு லீவில் தனுஷ்கோடி போக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மாமனார், மாமியாரும் வருகிறார்கள். விடியற்காலை வேன் எடுத்தால் ராமேஸ்வரம் கோயில், தனுஷ்கோடி இரண்டையும் முடித்துக்கொண்டு ராத்திரியே வீடு வந்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். முடியுமா? பிள்ளைகளை அங்கே கடலில் குளிக்க விடலாமா?

வந்துவிடலாம் தங்கச்சி. மறுநாள் மாமியார் எழுந்து நடமாட வேண்டாமா? ராமேஸ்வரமே ஏறக்குறைய 170 கிலோமீட்டர். பரமக்குடியில் டீ, பாம்பன் பாலத்தில் ‘ஒரே ஒரு போட்டோ’ என்று நிறுத்தினால் மூன்றரை மணி நேரம் ஓடிவிடும். கோயிலில் 22 தீர்த்தமும் ஆடாமல் உங்கள் மாமியார் வெளியே வரப்போவதில்லை. ஈரப்புடவை மாற்றி, சாமி பார்த்து முடிக்க உச்சிவெயில் வந்துவிடும். அந்த வெயிலில் தனுஷ்கோடி மணலில் வயசானவர்கள் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஒரு ராத்திரி ராமேஸ்வரத்தில் ரூம் போடுங்கள். முதல் நாள் கோயில், மறுநாள் விடிந்ததும் தனுஷ்கோடி. சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள்.

2017-இல் தனுஷ்கோடியின் கடைசி நுனியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டார்கள். அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அப்புறம் மணலில் குலுங்கிக் குலுங்கிப் போகிற வேன்தான். இப்போது கார் கடைசி வரை வழுக்கிக்கொண்டு போவதால் பலரும் நேரே முனைக்குப் போய், அசோகத் தூண் முன்னால் செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கென்னவோ முனையைவிட நடுவழியில் இருக்கிற பழைய ஊர்தான் பெரிது. அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மாதா கோயில் சுவர் கிட்டே போய்ப் பாருங்கள், செங்கல் இல்லை, பவளக்கல். இடியாப்பத்தட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் போன ஊர் அது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஸ்டேஷனை நெருங்கும்போது கடல் ஏறி அடித்தது. ரயிலில் இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. நீங்கள் போவதும் ஏறக்குறைய அதே நாட்கள்தான். மாமனாருக்கு எழுபது தாண்டியிருந்தால் போட் மெயிலைப் பற்றிக் கேளுங்கள். எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னார் போன காலத்தைப் பிள்ளைகளுக்கு அவரே சொல்லட்டும்.

அங்கேயே குடிசைப் பக்கம் மணலில் ஊற்று இருக்கும். கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருக்க, பெண்கள் குழிக்குள் குனிந்து சின்னப் பாத்திரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். உப்பே இருக்காது. மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் கனம் குறைவு என்பதால் உப்புத்தண்ணீருக்கு மேலே நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் கரிக்கத் தொடங்கிவிடும். பெரியவனுக்கு அறிவியல் பாடம் ஆயிற்று. அவர்கள் குடிக்கிற தண்ணீர் அது, பிள்ளைகள் காலை விட்டு அலசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். குடிசைக் கடைகளில் மீன் வறுத்துத் தருவார்கள், நன்றாகவே இருக்கும். எண்ணெயில் போடுவதற்கு முன்னால் விலை கேட்டுவிடுங்கள். பெண்களுக்கு அங்கே கழிப்பறைக் கஷ்டம் உண்டு, அதனால் ராமேஸ்வரத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

குளியலா? முனையில் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கத்து நீரும் அங்கே ஒன்றையொன்று இழுக்கிறது, காலடி மணல் நிற்காது. பிள்ளைகள் ஆசை தீர அக்னி தீர்த்தத்தில் நனையட்டும். இல்லாவிட்டால் திரும்பும் வழியில் மண்டபம் தாண்டி அரியமான் கடற்கரை இருக்கிறது. சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு, மாமனார் துண்டை விரித்துப் படுத்துக்கொள்ளலாம்.

ஒரு வாசகர், மேலூர்: போன ஜூலையில் அரிச்சல்முனை போயிருந்தோம். ஒரு பக்கம் கண்மாய் மாதிரி அசையாத தண்ணீர், மறுபக்கம் ஆளுயர அலை. எப்படி?

காற்றுதான் காரணம் தம்பி. ஜூலையில் தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடா பக்கம் மோதும். ஊர்க்காரர்கள் அதை ஆண் கடல் என்பார்கள். பாக் விரிகுடா பக்கம் ஆழமும் குறைவு, அந்த மாதங்களில் காற்றுக்கு மறைவும் உண்டு. அது பெண் கடல். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் சாதுவாக இருந்த பக்கம் சீறும். திருநகர்த் தங்கச்சியும் இதைப் படித்துவிட்டுக் கிளம்பட்டும். பூநாரை பார்க்க ஆசையிருந்தால் தை, மாசியில் போங்கள். கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்குநீரில் நிற்கும், பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகி, உசிலம்பட்டி: பையன் கரையில் வெள்ளையாக ஒரு பவளக்கல் பொறுக்கினான். மீன்தொட்டியில் போடலாமா?

கரையிலேயே போட்டிருக்க வேண்டியது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் புலியோடு ஒரே அட்டவணையில், முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த கல்தானே என்றால் வனத்துறை கேட்காது. காலிச் சிப்பி நாலு பொறுக்கினால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஒரு வாசகர், சோழவந்தான்: ரயிலில் போனால் பழைய பாம்பன் பாலத்தில் போக முடியுமா?

முடியாது. 1914-இல் திறந்த அந்தப் பாலத்தில் ரயில் ஓட்டம் நின்றுவிட்டது. பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலத்தில் 2025 ஏப்ரலிலிருந்து ஓடுகிறது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் போல மேலே ஏறும். அதைப் பார்க்க வேண்டுமானால் ரயிலில் போகாதீர்கள், பஸ்ஸில் போய் ரோட்டுப் பாலத்தில் நில்லுங்கள்.