ஸ்டீயரிங் ஆடுகிறது என்று அவர் சொன்னாரே!

கேள்வி: வார இறுதியில் நண்பர்கள் சேர்ந்து கிரிக்கெட் பார்ப்போம். முடிந்ததும் ஆட்டத்தை அலசுவோம். சில மாதங்களாக எதைப் பேசினாலும் கார் டயரில் போய் நிற்கிறது. போன முறை, "ஸ்டீயரிங் ஆடுதுன்னு ஒரு மாசமா வீட்டுக்காரி புலம்புறா" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவ்வளவுதான், இரவெல்லாம் டயர் புராணம். கடைசி ஓவரை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று பேச ஆளில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது அவள்தான், அவளுக்கே இவ்வளவு கவலை இல்லை. இந்த நண்பர்களை விட்டு விலகிவிடலாமா?

பதில்: பேச்சு தடம் மாறுகிறது என்ற புகார் எனக்குப் புதிதல்ல. அது கிடக்கட்டும். "ஒரு மாசமா புலம்புறா" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் நிற்கிறேன். ஒரு மாதமாகச் சொல்கிறவருக்குக் கவலை இல்லை என்று எந்த வாயால் சொல்கிறீர்கள், தம்பி? அந்த வண்டியில் உட்காருவது உங்கள் பிள்ளைகள். கேட்டவுடன் பதறியது உங்கள் நண்பர்கள். உங்களுக்கோ கடைசி ஓவர்!

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் அதிர்ந்தால் பெரும்பாலும் வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலை, போயிருக்கும். ரிம்மில் இருக்கும் சின்ன எடைத்துண்டு ஒன்று கழன்று விழுந்தாலே போதும். ஆனால் டயருக்குள் இழை அறுந்து புடைத்திருந்தாலும் அதே அதிர்வுதான் வரும். அந்த டயர் ஓட்டத்திலேயே வெடிக்கலாம். இரண்டில் எது என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது.

இன்றைக்கே வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து உட்காருங்கள். நான்கு டயரின் பக்கவாட்டையும் கையால் தடவிப் பாருங்கள். புடைப்போ வெடிப்போ தட்டுப்படுகிறதா? அதே பக்கவாட்டில் DOT (டி.ஓ.டி.) என்ற எழுத்துகளைத் தொடரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3518 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர். வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் மேடுகள், நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் காட்டுங்கள், பத்து வருடத்துக்கு மேல் ஓட்டவே கூடாது. காடிகளுக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேட்டின் மட்டத்துக்குப் பட்டன் தேய்ந்திருந்தால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மாற்றியே ஆக வேண்டும்.

மெக்கானிக்கிடம் மனைவியையும் அழைத்துப் போங்கள். எந்த வேகத்தில் ஆடுகிறது, பிரேக் பிடிக்கும்போதா, எப்போதுமா என்று அவருக்குத்தான் தெரியும். அவர் பேசட்டும். குடும்பத்தில் ஒருவர் பயம் என்று சொன்னால் அன்றைக்கே எழுந்து போய்ப் பார்ப்பவர்தான் என் கணக்கில் வீட்டுக்குப் பொறுப்பானவர். அதைப் புலம்பல் என்று வெளியில் போய்ச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நண்பர்களை விடாதீர்கள். ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆட்டப் பேச்சு மட்டும் என்று நேராகவே கேளுங்கள், நல்லவர்கள், ஒத்துக்கொள்வார்கள். டயர் என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்பார்கள், பதிலோடு போங்கள். அந்த ஸ்டீயரிங் ஆட்டம் என்னவென்று தெரியும்வரை பிள்ளைகளை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.