பதில்: 12 அடி அகல அறையில் ஸ்பீக்கர்களை மறைக்கும் பொய்ச்சுவர்

ஹோம் தியேட்டர் அறை 12 அடி அகலம், 18 அடி நீளம், 100 அங்குலத் திரை, 14 அங்குல ஆழமுள்ள ஸ்பீக்கர்கள், திரையைத் தாங்கி ஸ்பீக்கர்களை மறைக்கும் பொய்ச்சுவருக்கு ஓரடி ஆழம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஸ்பீக்கருக்குப் பின்னால் 4 அங்குலமும் முன்னால் 6 அங்குலமும் விடுங்கள். மொத்தம் 2 அடி. ஒலி ஊடுருவும் நெசவுத் திரை என்றாலும், ஸ்பீக்கரைத் துணியோடு ஒட்டி வைத்தால் ட்வீட்டர் (கீச்சொலி தரும் சிறு ஸ்பீக்கர்) ஒலி திரையில் பட்டுத் திரும்பிக் குழம்பும்.

மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள 16:9 திரையின் அகலம் 87 அங்குலம்தான். 11 அடி தள்ளி உட்கார்ந்தால், இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 55 அங்குலத்தில், அதாவது திரைக்கு வெளியே கறுப்புத் துணிக்குப் பின்னால் வரும். திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கர் மட்டுமே. அதையும் மற்ற இரண்டின் அதே மாடலாக, நிமிர்த்தி வையுங்கள். மூன்று ட்வீட்டர்களும் காது உயரத்தில் இருக்கட்டும்.

சட்டத்துக்கு நன்றாக உலர்ந்த 2 அங்குலச் சதுர மரம். ஈர மரம் பிறகு முறுக்கிக்கொண்டு துணியைச் சுருக்கிவிடும். சுவரையும் கூரையையும் தொடும் இடமெல்லாம் ஃபோம் பட்டை ஒட்டுங்கள். இல்லையென்றால் சப்வூஃபர் (அடித்தொனி ஸ்பீக்கர்) அதிர்வில் சட்டம் கடகடக்கும்.

பலர் கவனிக்காமல் விடுவது பொய்ச்சுவரின் உட்புறத்தை. நெசவு வழியே புகும் வெளிச்சம் திரைக்குப் பின்னால் உள்ள அறைச்சுவரில் பட்டுத் திரும்பினால் படம் வெளிறும். சுவர், சட்டம் எல்லாம் பளபளப்பில்லாத கறுப்பு. அந்தச் சுவரில் 2 அங்குல ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கனிமப் பஞ்சு), மேலே கறுப்புத் துணி.

பக்கத் துணிப் பலகைகளை ஆணியடிக்காமல் காந்தத்தில் நிறுத்துங்கள், வயர் பழுதானால் கழற்றலாம். துணியை வாயருகே வைத்து ஊதிப் பார்த்து வாங்குங்கள். மூச்சுத் தடையின்றிப் போக வேண்டும். ரிசீவரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் கருவி) ஒலி அளவீட்டைத் திரை மாட்டிய பிறகே ஓட்டுங்கள்.