ஐப்பசி மழையில் ஜிம்மியை எங்கே கூட்டிப்போவது?

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர் கேட்டிருக்கிறார்: “எங்கள் ஜிம்மிக்கு மூன்று வயது, லாப்ரடோர் கலப்பு. ஐப்பசி பிறந்ததும் மழை விடுவதே இல்லை. பின்னேரம் பாடசாலை விட்டு வந்து தேயிலை மலைக்குள் நடத்திக் கூட்டிப்போனால் கால் முழுக்க அட்டையோடு வருகிறான். விரலிடுக்கு சிவந்து, ராத்திரி முழுக்க நக்கிக்கொண்டே இருக்கிறான். கூட்டிப்போகாவிட்டால் கதவைப் பிறாண்டி, செருப்பைக் கடித்துக் குதறுகிறான். பிள்ளைகள் லீவுக்கு ஹோட்டன் சமவெளிக்கு அவனையும் கொண்டுபோகச் சொல்கிறார்கள். மழை விடும்வரை கட்டியே வைத்துவிடலாமா?”

கட்டிவைக்க வேண்டாம் டீச்சர். மூன்று வயது லாப்ரடோர் கலப்பை மாதக்கணக்கில் கட்டினால் செருப்போடு நிற்காது. நடை தொடரட்டும். நேரத்தையும் பாதையையும் மாற்றுங்கள். அதைவிட முக்கியம், வீடு திரும்பிய பிறகு அவனுக்காக ஒதுக்கும் கால் மணி நேரம். நீங்கள் சொல்லும் தொல்லைகளில் பாதி அந்தக் கால் மணியில் தீர்ந்துவிடும்.

முதலில் நேரம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட காலம். பெரும்பாலான நாட்களில் காலை வெளுத்திருக்கும், மதியம் கறுக்கும், இரண்டு மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும். நீங்கள் நடக்கும் பின்னேரம்தான் இருப்பதிலேயே மோசமான நேரம். நன்றாக விடிந்தபின், பாடசாலைக்குக் கிளம்புமுன் 20 நிமிடம் போதும். விறுவிறுவென்று இழுத்துப் போகாமல் நின்று நின்று மோப்பம் பிடிக்க விடுங்கள். நாய்க்கு மூக்கு வேலைதான் பெரிய வேலை. பின்னேரம் வீட்டுக்குள்ளேயே ஒரு பழைய படங்கை மடித்து, மடிப்புகளில் ரொட்டித் துண்டுகளை ஒளித்துத் தேட விட்டால் அவன் அடங்கிவிடுவான். இடி கேட்டால் வெளியே இறங்கவே வேண்டாம், மலையில் நிழல் மரத்தடியில் ஒதுங்கவும் வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணியாவது போகட்டும்.

அடுத்தது அட்டை. தேயிலைச் செடி அடியிலும் மாணாப் புல்லிலும் கான் (வடிகால்) ஓரத்திலும்தான் அது காத்திருக்கிறது. தார் ரோட்டின் அல்லது காய்ந்த கப்பி ரோட்டின் நடுவே நடந்தால் ஏறுவது மிகக் குறையும். கொழுந்தெடுக்கும் அம்மாமார் காலில் சவர்க்காரம், புகையிலை, சுண்ணாம்பு என்று எதையாவது பூசிக்கொண்டுதான் மலைக்குப் போகிறார்கள். அதை நாய்க்குச் செய்துவிடாதீர்கள். அவன் காலை நக்குவான். புகையிலை நாய்க்கு நஞ்சு, சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கிவிடும். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின் மேல் உப்போ தீக்குச்சியோ வைத்தால் அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிட்டு விழும். புண் பழுப்பது அதனால்தான். பிடித்து இழுக்கவும் கூடாது. மெல்லிய நுனிதான் வாய். அந்த இடத்தில் நகத்தை வைத்து தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளுங்கள், விட்டுவிடும். பிறகு தடித்த முனையை எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளை உள்ளே விடுவதால் வெகுநேரம் கசியும். பயப்படாமல் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

ஆனால் ஒரு வகை அட்டையை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். ஓடையிலோ பீலித் தொட்டியிலோ நாய் தண்ணீர் குடிக்கும்போது மூக்குக்குள் ஏறிவிடும் நீர் அட்டை அது. ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் விட்டுவிட்டு ரத்தம், ஓயாத தும்மல், காலால் மூக்கைத் தேய்ப்பது: இப்படி இருந்தால் சளி என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். மூக்குக்குள் உப்புத் தண்ணீர் விடவும் வேண்டாம். மிருக வைத்தியர் மயக்கம் கொடுத்து இடுக்கியால் எடுப்பார். இது வராமல் தடுக்க வீட்டில் வயிறாரத் தண்ணீர் குடிக்க வைத்துக் கிளம்புங்கள், கையில் ஒரு போத்தலும் இருக்கட்டும்.

ஓடைத் தண்ணீரையும் தேங்கிய சேற்றையும் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணில் அந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நக்கி நக்கிப் புண்ணான விரலிடுக்கு அதற்குத் திறந்த வாசல். அரசாங்கம் இலவசமாகப் போடும் ஊசி விசர்நாய் நோய்க்கானது, எலிக்காய்ச்சலுக்கு அல்ல. பலர் இரண்டும் ஒன்றென்று நினைத்திருக்கிறார்கள். எலிக்காய்ச்சலுக்குத் தனியாக, முதல் தடவை சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடம் ஒன்று. காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது தெரிந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். இது மனிதருக்கும் தொற்றும். அவன் சிறுநீரை வெறுங்கையால் துடைக்காதீர்கள், பிள்ளைகளையும் தள்ளி வையுங்கள்.

இனி அந்தக் கால் மணி நேரம். வாசலிலேயே ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து நாலு காலையும் வெறும் தண்ணீரில் அலசுங்கள். தினமும் ஷாம்பூ வேண்டாம், டெட்டோல் வேண்டவே வேண்டாம். எரிச்சல் கூடி இன்னும் நக்குவான். பிறகு ஒவ்வொரு விரலிடுக்கையும் பழைய துவாயால் ஒற்றி ஒற்றி உலர வையுங்கள். ஜிம்மியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விரலிடுக்கில் ஈரம் நின்றால் தோலில் எப்போதும் இருக்கும் ஈஸ்ட் பூஞ்சை பெருகும், அரிக்கும், நக்குவான், நக்கினால் மறுபடி ஈரம். அந்த வட்டத்தை உடைப்பது துவாய்தான். பாதத்துக்கு அடியில் நீண்டிருக்கும் முடியைக் கத்தரித்துவிடுங்கள். பவுடர் போடாதீர்கள், ஈரத்தோடு கட்டியாகிவிடும். குளிருக்கு அடுப்படியில் படுக்கவைத்துக் காய வைப்பது நம் வீடுகளில் வழக்கம். தள்ளிப் படுக்க வையுங்கள், ஈரத்தோல் சுட்டுக்கொள்வது அவனுக்குத் தெரியாது.

உலர்த்தும்போதே காது மடல், கக்கம், கழுத்துப் பட்டிக்கு அடி எல்லாம் விரலால் தடவி உண்ணி தேடுங்கள். உண்ணிகள் பரப்பும் நோய்களில் நம் நாட்டு நாய்களை அதிகம் வாட்டும் ஒன்று பபேசியா. உண்ணி ஒட்டிய உடனே அது உடம்புக்குள் இறங்கிவிடாது, ஓரிரு நாளாவது எடுக்கும். அதனால் தினமும் தேடுவது வீண்வேலை இல்லை. தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் பூசும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் நுரையீரல் கெடும். ஈறு வெளுத்து, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் மறுநாள்வரை பார்க்கக்கூடாது.

சரி, பாதை. கயிறு எப்போதும் கையில், கழுத்தில் அல்ல, மார்புப் பட்டியில் கட்டி. தேயிலை மலையும் காடும் சேரும் ஓரங்களில் காட்டுப்பன்றிக்குக் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிச் சிக்கி, சில நாளில் இறந்துபோனது. அவிழ்த்துவிட்ட நாயும் அதே கம்பியில்தான் மாட்டும். சிறுத்தைகளும் அந்த ஓரங்களில்தான் நடமாடுகின்றன. அந்தியிலும் இருட்டிலும் நாய் அவற்றுக்கு எளிய இரை. குளவிக் கூட்டைப் பற்றி மலையில் வேலை செய்பவர்களிடம் கேட்டுக்கொண்டே போங்கள், அவர்களுக்கு எந்த மரம் என்று தெரியும். புல்லு மருந்து அடித்த மலையா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

மண்சரிவு வேறு கதை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்கச் சொல்கிறது, 150 தாண்டினால் வெளியேறச் சொல்கிறது. உங்கள் பிரதேசத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை வந்தாலே மேட்டடிப் பாதையையும் கான் ஓரத்தையும் விட்டுவிடுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நாம் மறக்க முடியாது. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிவரும் ஊற்று தெரிந்தால் திரும்பி நடந்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-க்கு அழைத்துச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் மேல் கொத்மலை வான்கதவு திறக்கும் நாட்களில் ஆற்றோரம் வேண்டாம். பனிமூட்டத்தில் ரயில் பாதையைக் குறுக்கு வழியாக்குவதும் வேண்டாம், மழைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.

பிள்ளைகளின் ஆசைக்கு வருவோம். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா, வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி கிடையாது. நல்லதுதான், நாய் நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தொற்றக்கூடியவை. அதற்குப் பதில் கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் போகும் பீக்கோ டிரெயில் என்ற நடைபாதையில், வாகனம் போகும் தோட்ட ரோட்டாக உள்ள ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். லயன் வீடுகளைத் தாண்டும்போது அங்குள்ள நாய்கள் கூட்டமாக வரும். ஓடாமல், கயிற்றைச் சுருக்கிப் பிடித்து மெதுவாகக் கடந்துபோங்கள். யாரையாவது கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இத்தனையும் செய்து ஒரு வாரத்தில் விரலிடுக்குச் சிவப்பு குறையவில்லை என்றால் உங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஈஸ்ட்டா, சொறிப்பூச்சியா என்பதைத் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும், இரண்டுக்கும் மருந்து வேறு. அங்கே வசதி இல்லாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குப் போகலாம். தடுப்பூசிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் வாங்கிய களிம்பு ஏதாவது பூசியிருந்தால் அதன் டியூப்பையும் காட்டுங்கள்.