புழுக்கமான கோடையில் வெட்டிய விறகு ஐப்பசிக்குள் காயுமா?

பொள்ளாச்சிக்குக் கிழக்கே உங்கள் தோட்டத்தில் சித்திரையில் சாய்த்த ஒரு வேம்பும் இரண்டு வெள்வேல மரங்களும் கிடப்பதாகவும், கோடை மழைக்குப் பின் புழுக்கம் கூடிவிட்ட நிலையில் அவை ஐப்பசிக்குள் அடுப்புக்கு ஆகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகும். ஆனால் இப்போதே பிளந்து, காற்றுப் புகும்படி அடுக்கினால் மட்டுமே ஆகும். உருட்டுக் கட்டையாகவே போட்டு வைத்தால் அடுத்த கோடையிலும் நடுவில் ஈரம் இருக்கும்.

புழுக்கத்தில் விறகு காயாது என்று பலரும் நினைப்பதற்குக் காரணம், அந்த நாள்களில் நம் உடம்பின் வியர்வை காயாததுதான். வியர்வை நிமிடக் கணக்கில் காய வேண்டும். விறகுக்கோ மாதங்கள் இருக்கின்றன. மேலும், சூடான காற்று தாங்கும் நீராவியின் அளவு மிக அதிகம். 35 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 40 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம்தான். ஆகவே 35 பாகையில் ஈரப்பதம் 70 விழுக்காடாக இருக்கும் புழுக்கமான நண்பகலில் கூட அந்தக் காற்றில் இன்னும் 12 கிராமுக்கு இடம் இருக்கிறது. அதே 70 விழுக்காடு, மார்கழிக் காலையின் 20 பாகையில் என்றால், 5 கிராமுக்குத்தான் இடம். ஈரப்பதம் 80 விழுக்காட்டில் நிலையாக நின்றாலும், நாள்பட்ட விறகின் ஈரம் சுமார் 16 விழுக்காடு வரை இறங்கிவிடும். நன்றாக எரிய 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் போதும்.

உண்மையான தடை, அசையாத காற்று. அடுக்கின் இடுக்குகளில் நிற்கும் காற்று மரத்திலிருந்து வரும் ஈரத்தை வாங்கிச் சீக்கிரமே நிறைந்துவிடுகிறது. அது விலகி வேறு காற்று வராவிட்டால் எத்தனை வெயில் அடித்தாலும் உள்துண்டுகள் காய்வதில்லை. இந்த வகையில் கொங்கு நாட்டுக்குக் கிடைத்திருக்கும் வசதி வேறு பல ஊர்களுக்கு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, ஓயாமல் வீசுகிறது. உடுமலை, பல்லடம் பக்கங்களில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் அதனால்தான். அந்தக் காற்று மழையின் பெரும்பகுதியை மலையிலேயே இறக்கிவிட்டு வருவதால், நம் பக்கம் மழை பெரும்பாலும் சாரலோடு நின்றுவிடுகிறது. என் கணிப்பில், இங்கே விறகு காயும் பருவம் சித்திரை வெயில் அல்ல, ஆனி ஆடிக் காற்றுதான்.

அந்தக் காற்று வருவதற்குள் பிளக்கும் வேலையை முடித்துவிடுங்கள். மரத்துக்குள் நீர் ஓடும் குழாய்கள் நெடுக்காகச் செல்வதால், வெட்டு முனை வழியாக ஈரம் வெளியேறும் வேகம் பக்கவாட்டில் வெளியேறுவதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே துண்டு ஒரு முழத்துக்கு மேல் நீளாமல் இருப்பது நல்லது. பட்டை ஈரத்தைப் பூட்டி வைக்கும். பட்டையோடு முழுதாக இருக்கும் கட்டையைவிட, கணுக்கால் கனத்துக்குப் பிளந்த துண்டில் ஈரம் வெளியேறத் திறந்த பரப்பு மிகுதி. பச்சையாக இருக்கும்போது கோடாலி எளிதில் இறங்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். காய்ந்த வெள்வேலைப் பிளக்க ஆப்பும் சம்மட்டியும் வேண்டியிருக்கும். தச்சர் வெடிப்புக்கு அஞ்சி மரத்தை நிழலில் மெதுவாகக் காய வைப்பார். விறகுக்கு வெடிப்பு விடுவதே நன்மை என்பதால் வெயிலுக்குத் தயங்க வேண்டியதில்லை. (காய்ப்பில் இருக்கும் வெள்வேலை விறகுக்காகச் சாய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் அதன் நெற்றுத்தான் கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம்.)

அடுக்கை வீட்டுச் சுவரோடு ஒட்டாமல், திறந்த களத்து ஓரத்தில், வடக்கு தெற்காக நீளும் ஒற்றை வரிசையாகப் போடுங்கள். அப்போது மேல்காற்று அதன் அகன்ற முகத்தில் மோதி ஊடே புகுந்து செல்லும். இரண்டு மூன்று வரிசைகளை நெருக்கிப் போட்டால் பின்வரிசைக்குக் காற்று எட்டாது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கல் வைத்து, அதன் மேல் குறுக்குக் கட்டைகளைப் போட்டு அடுக்குவது கட்டாயம். மண்ணைத் தொடும் துண்டு ஈரத்தையும் உறிஞ்சும், அதில் கறையானும் ஏறும். மேலே மட்டும் பழைய தகரத்தையோ ஓலையையோ வைத்துக் கல்லால் அழுத்துங்கள். தார்ப்பாயால் பக்கங்களையும் சேர்த்து மூடுவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்: உள்ளே கிளம்பும் நீராவி வெளியேற வழியின்றி இரவில் குளிர்ந்து மீண்டும் துண்டுகளின் மேலேயே படிகிறது, ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. சாரலில் பக்கங்கள் நனைவது பெரிய விஷயம் அல்ல. மேற்பரப்பில் பட்ட நீர் ஓரிரு நாளில் காற்றோடு போய்விடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், பாதி எடை நீராக இருக்கும் ஒரு கிலோ பச்சை விறகில், அந்த அரைக் கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்கவே மரத்தின் வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு செலவாகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, அடுப்பு சூடேறாததால் எரிய வேண்டிய வாயுக்கள் எரியாமலே புகையாக வெளியேறுவது. அந்தப் புகை பாத்திரத்தில் கரியாகவும், அடுப்படியில் நிற்பவரின் கண்ணிலும் நெஞ்சிலும் எரிச்சலாகவும் சேர்கிறது.

காய்ந்ததை அறிய, அடுக்கின் நடுவிலிருந்து நான்கைந்து துண்டுகளை அடையாளமிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தராசில் எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் காற்றின் ஈரத்தோடு விறகு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஈரமானி வைத்திருந்தால் வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் அளவெடுங்கள். இரண்டு துண்டுகளை மோதினால் எழும் கணீர் ஒலியும் முனைகளில் ஓடும் வெடிப்பும் துணைச் சான்றுகளே. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் துண்டுகளும் அவற்றைக் காட்டக்கூடும்.

புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், காய்ந்தவற்றைச் சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) மாற்றிவிடுங்கள். எடை இன்னும் குறைந்துகொண்டிருக்கும் தடித்த துண்டுகளை அவற்றோடு கலக்காமல், வாசல் பக்கம் தனியாக அடுக்கி, தைக்குப் பிறகு வெந்நீர் அடுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.