செக் நாட்டில் ஐஸ் ஹாக்கி ஆடப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

டொராண்டோவில் வளர்ந்து, கடந்த 9 ஆண்டுகளாகச் செக் நாட்டின் ப்ர்னோ நகரில் கீழ்நிலை அணிகளில் தற்காப்பு ஆட்டக்காரராக ஆடிவரும் ஒருவர் விடையளிக்கிறார்.

கேள்வி: கனடாவில் ஆடிப் பழகிய எனக்கு அங்குள்ள பனித்தளம் பெரிதாகத் தோன்றுமா?

பதில்: நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை, இரண்டும் ஏறத்தாழ 60 மீட்டர்தான். வட அமெரிக்கத் தளத்தின் அகலம் 26 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பன்னாட்டு விதியோ 26 முதல் 30 மீட்டர் வரை இடம் தருகிறது. அதனால் உங்கள் அணியின் அரங்கு எவ்வளவு அகலம் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 30 மீட்டர் தளத்தில் எதிராளியை ஓரத் தடுப்புவரை துரத்திச் சென்று மோதினால், நீங்கள் நிமிர்வதற்குள் பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) கோல்முகத்துக்கு வந்துவிடும். முதல் இரண்டு மாதங்கள் நான் அந்தப் பழக்கத்தை விட முடியாமல் திணறினேன். எதிராளிக்கும் கோலுக்கும் நடுவே பொறுமையாக நிற்பதுதான் இங்கே தற்காப்பு ஆட்டக்காரரின் முதல் வேலை.

கேள்வி: இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன். சுற்றுலா விசாவில் வந்து ஆடலாமா?

பதில்: ஊதியத்துக்கு ஆடக் கூடாது. வேலைக்குரிய அனுமதி வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தையும் கடைசி வரிவரை படியுங்கள். ஊதியத்துக்கு ஆடும்போது ஏற்படும் காயத்தைப் பல பத்திரங்கள் ஏற்பதில்லை.

கேள்வி: எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்களே, செக் மொழியைக் கற்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் கற்க வேண்டும். ஆட்டக்காரர்களை மாற்றும்படி பயிற்சியாளர் "ஸ்த்ரீதத்!" என்று கத்துவார், மாற்ற வேண்டாம் என்றால் "நெஸ்த்ரீதத்!" என்பார். தமிழில் "மாற்றாதே" என்னும்போது மறுப்பு சொல்லின் கடைசியில் வரும். செக் மொழியில் அந்த "நெ" முதலிலேயே வந்து போய்விடும். என் முதல் பருவத்தில், ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது, கூட்டத்தின் இரைச்சலில் அந்த ஓரெழுத்து என் காதில் விழவில்லை. பெஞ்சின் தடுப்பைத் தாண்டிக் களத்தில் குதித்தேன். ஆள் கூடியதற்காக எங்களுக்கு, ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டிய 2 நிமிடத் தண்டனை விழுந்தது. அதற்குள் கோல் வாங்கித் தோற்றோம். யாரும் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலையிலேயே மொழி வகுப்பில் சேர்ந்தேன்.

கேள்வி: இதை ஏற்க முடியாது. என் அத்தை மகன் பிராக் நகரில் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தை வைத்தே ஆடினான்.

பதில்: ஆடியிருப்பார், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் எல்லாரும் சிரிக்கும்போது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்ததா என்று கேட்டுப் பாருங்கள். தளத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கிறோம். மிச்ச நேரமெல்லாம் தபால் நிலையத்திலும், டிராமிலும், வீட்டுக்காரம்மாவிடமும்தான் கழிகிறது. கடைக்குள் நுழையும்போதும் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் "டோப்ரீ டென்" (வணக்கம்) என்று சொல்லாமல் உட்கார்ந்தால், அதை மரியாதைக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: அங்கும் நீ, நீங்கள் உண்டாமே? அணியில் எதைச் சொல்வது?

பதில்: உண்டு, "தி" என்பது நீ, "வி" என்பது நீங்கள். அணித் தோழர்கள் முதல் நாளிலிருந்தே "தி"தான். வயதில் மூத்தவரோடு பேசும்போது, அவரே "தி" என்று பேசலாம் எனச் சொல்லும்வரை "வி" என்றே பேசுங்கள். தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை; ஆங்கிலம் மட்டும் பேசி வருகிறவர்தான் இடறுகிறார்.

கேள்வி: ஒரு தோல்விக்கு ஏன் ஊரே துக்கம் காக்கிறது?

பதில்: 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள், செக்கும் ஸ்லோவாக்கியாவும் ஒரே நாடாக இருந்த அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. அடுத்த மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கியா சோவியத் அணியை 2-0, 4-3 என இரண்டு முறை வென்றது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். புகழ்பெற்ற செக் ஆட்டக்காரர் யாரோமிர் யாகர் சட்டையின் முதுகில் அணிந்த 68 அந்த ஆண்டைத்தான் குறிக்கிறது. 1998இல் நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் 5 பெனால்டி அடிகளையும் செக் கோல்காப்பாளர் டொமினிக் ஹாஷெக் தடுத்ததையும், இறுதியில் ரஷ்யாவை 1-0 என வென்றதையும் என் வீட்டுக்காரம்மா இன்றும் எழுந்து நின்றுதான் சொல்வார்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

பதில்: பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும். தினமும் அதையே தின்று ஆட முடியாது. பருப்பை வாங்கி வீட்டில் சமையுங்கள்.

கேள்வி: பயண இன்சூரன்ஸ் போதுமா?

பதில்: மேலே சொன்னேன். போதாது. முழங்கால் கிழிந்த பிறகு பத்திரத்தைத் திறந்து படித்த ஒரு தோழரை மருத்துவமனையில் பார்த்தவன் என்பதால் மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் சமாளிக்கலாமா?

பதில்: மூன்றாவது கேள்வியின் விடையைப் படியுங்கள். படித்துவிட்டு "நெ" என்று நூறு முறை சொல்லிப் பழகுங்கள்.