ஹைபிரிட் காரும் பெட்ரோல் கணக்கும்

ஹைபிரிட் கார் உண்மையிலேயே மைலேஜ் தருமா, விளம்பர ஜாலமா?
– வேளச்சேரி வாசகர்

நகருக்குள் ஓட்டினால் நிச்சயம் தரும். சாதாரண காரில் பிரேக்கை மிதித்தால் ஓடிவந்த வேகம் முழுதும் வெப்பமாகிப் போய்விடுகிறது. பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட்டில் அந்த மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பகுதியை பேட்டரியில் சேர்க்கிறது. சிக்னலில் இன்ஜின் அணைந்துவிடும். பச்சை விழுந்ததும் பெரும்பாலும் மோட்டாரே வண்டியை ஓசையின்றி நகர்த்தும். பலரும் கவனிக்காத இன்னொரு சங்கதி இன்ஜினிலேயே இருக்கிறது. அட்கின்சன் சுழற்சி என்னும் சிக்கன முறையில் இயங்கும் இந்த இன்ஜினுக்கு இழுவை சற்றுக் குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. இழுவைக் குறையை மோட்டார் ஈடுகட்டிவிடுகிறது. 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் காலத்திலிருந்தே இதுதான் சூட்சுமம்.

வாரந்தோறும் சென்னை–திருச்சி போய்வருகிறேன். எனக்கு லாபமா?
– தாம்பரம் வாசகர்

சொற்பமே. சுங்கச்சாவடி தவிர பிரேக்குக்கு அதிக வேலையில்லாத சாலையில் திரும்பச் சேமிக்க என்ன இருக்கிறது? இன்ஜின்தான் பெரும்பாலும் ஓடும்.

மைல்ட், ஸ்ட்ராங் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?
– மதுரை வாசகர்

மைல்ட் வகையில் மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். தனியாகச் சக்கரத்தைச் சுழற்றாது; ஸ்ட்ராங் வகையில் சுழற்றும். 2022-இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவில் இரண்டும் உண்டு. லிட்டருக்கு ஸ்ட்ராங் 27.97 கி.மீ., மைல்ட் மேனுவல் சுமார் 21 கி.மீ. என்று நிறுவனம் சொன்னது. சோதனைக்கூட எண்கள் இவை; சாலையில் குறையும். ஷோரூமில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இன்ஜின் அணைந்திருக்கும்போது வண்டி ஓடுமா?” விற்பனையாளர் மழுப்பினால் அது மைல்ட்.

கூடுதலாகக் கொடுக்கும் விலை திரும்பி வருமா?
– கோவை வாசகி

ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 14 கி.மீ. தரும் கார் சுமார் 714 லிட்டர் குடிக்கும். 20 தரும் ஹைபிரிட்டுக்கு 500 போதும். லிட்டர் 100 ரூபாய் என்றால் மிச்சம் 21,400 ரூபாய். விலை வித்தியாசம் இரண்டரை லட்சமானால், மீட்க ஏறத்தாழ 12 ஆண்டுகள்! இருமடங்கு ஓட்டினால் ஆறு. வார இறுதியில் மட்டும் காரை எடுப்பவர் சாதாரண பெட்ரோல் காரே வாங்கலாம்.

பேட்டரி போய்விட்டால்?
– சேலம் வாசகர்

டொயோட்டா இந்தியாவில் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகிறது. நீங்கள் செய்ய வேண்டியது சிறு வேலைதான். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கையருகே உள்ள துளை வழியாகத்தான் போகிறது. அதைப் பையாலோ போர்வையாலோ அடைக்காதீர்கள்.