கொறடாவின் கயிறு யாரைக் கட்டுகிறது?

கேள்வி: 2017ல் இங்கே நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. நம் ஓட்டை வாங்கிக்கொண்டு விலை போகிறவர்களைத் தடுக்க, கட்சித் தாவல் தடைச் சட்டத்தை இன்னும் கடுமையாக்கி, கொறடா உத்தரவை (சபையில் இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடுகிற உத்தரவை) மீறுகிற எம்.எல்.ஏ., எம்.பி. எல்லோருக்கும் பத்து வருடம் தேர்தலில் நிற்கத் தடை என்று கொண்டுவந்தால் என்ன?
– ஒரு வாசகர், ஆண்டிபட்டி

பதில்: வேண்டாம். உங்கள் கோபம் எனக்கும் உண்டு, ஆனால் நீங்கள் கேட்கிற கடுமை போய் விழப்போவது வேறு ஆள் தலையில்.

உங்கள் ஊர் கதையையே எடுத்துக்கொள்வோம். 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்கு கோரியபோது 122 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு. அந்த 11 பேரும் ஓ.பன்னீர்செல்வம் அணி. சட்டசபைக்குள், எல்லோரும் பார்க்க, அரசைக் கவிழ்க்கும் ஓட்டைப் போட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் அணிகள் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். அப்புறம் தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் 19 பேர் ஆளுநரிடம் போய், இந்த முதல்வர் மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் சபையில் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை, வேறு கட்சியிலும் சேரவில்லை. ஒருவர் பின்வாங்கிவிட, செப்டம்பரில் சபாநாயகர் மீதி 18 பேரையும் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்ல, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் சபாநாயகர் செய்தது சரி என்றார். எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேர் மேல் வந்த புகாரோ உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியில் மறுபடி சபாநாயகரிடமே திரும்பி வந்தது. அவர்கள் யாருடைய பதவியும் போகவில்லை.

அந்த 18 பேரில் இருவரின் தொகுதிகளான ஆண்டிபட்டிக்கும் பெரியகுளத்துக்கும் ஏறக்குறைய இருபது மாதம் எம்.எல்.ஏ.வே இல்லை. அதே தேனி மாவட்டத்தில் பன்னீர்செல்வத்தின் போடி தொகுதிக்கு எம்.எல்.ஏ. இருந்தார், துணை முதல்வராகவும் இருந்தார். சட்டம் ஒன்றுதான், முடிவு மட்டும் இரண்டு விதம். இதில் தண்டனை போதவில்லை என்றா சொல்வீர்கள்? முடிவெடுக்கிற நாற்காலி யார் கையில் இருக்கிறது என்பதல்லவா பிரச்சினை!

சபாநாயகர் ஆளுங்கட்சி தயவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், அவர் எப்படி நடுவராக முடியும் என்று 1992லேயே உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் கேட்டார்கள். மற்ற மூன்று பேர் ஒத்துக்கொள்ளாததால் அது சிறுபான்மைத் தீர்ப்பாக நின்றுவிட்டது. அதற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. மணிப்பூரில் 2017ல் காங்கிரஸ் சின்னத்தில் ஜெயித்த ஒருவர் உடனே பா.ஜ.க. அரசில் அமைச்சரானார், மூன்று வருடம் சபாநாயகர் முடிவே எடுக்கவில்லை, கடைசியில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே அவரை அமைச்சர் பதவியிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. 2025 ஜூலையில் தெலங்கானாவில் காங்கிரஸுக்குத் தாவிய பி.ஆர்.எஸ். எம்.எல்.ஏ.க்கள் பத்துப் பேர் விவகாரத்திலும் மூன்று மாதத்துக்குள் முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் கெடு வைத்தது, இந்த அதிகாரம் சபாநாயகரிடம் இருக்கத்தான் வேண்டுமா என்று நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றும் சொன்னது. நாடாளுமன்றம் எப்போது யோசிக்கப்போகிறது?

இன்னொன்று. 1967ல் ஹரியானாவில் கயா லால் பதினைந்து நாளில் மூன்று முறை கட்சி மாறி, ‘ஆயா ராம் கயா ராம்’ என்ற பேச்சே பிறந்தது. அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் 1985ல் ராஜீவ் காந்தி அரசு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் தனியாகத் தாவினால் குற்றம், கூட்டமாகத் தாவினால் இல்லை என்று ஆகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பில்லை என்ற சலுகையை 2003ல் எடுத்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு பேர் போனால் அது ‘இணைப்பு’ என்பதை அப்படியே விட்டுவிட்டார்கள். 2019ல் கோவாவில் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் 15 பேரில் 10 பேர் பா.ஜ.க.வுக்குப் போனார்கள், தெலங்கானாவில் 18 பேரில் 12 பேர் டி.ஆர்.எஸ்.ஸுக்கு (பிறகு பி.ஆர்.எஸ். ஆன அதே கட்சி) போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆகிறது யாருக்கு? எந்தக் கட்சிக்கும் போகாமல், தன் கட்சியிலேயே இருந்துகொண்டு, இந்த ஒரு மசோதா என் தொகுதி விவசாயியைக் கெடுக்கும், இதற்கு என் ஓட்டு இல்லை என்று சொல்ல நினைக்கிற ஒற்றை ஆளுக்கு. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் சரி, ஓட்டுப் போடாமல் இருந்தாலும் சரி, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி காலி. பிரிட்டனில் 2019ல் பிரெக்ஸிட் விவகாரத்தில் ஆளுங்கட்சி எம்.பி.க்கள் 21 பேர் தங்கள் பிரதமரை எதிர்த்தே ஓட்டுப் போட்டார்கள். கட்சி அவர்களை வெளியே தள்ளியது, ஆனால் எம்.பி. பதவி மேல் கை வைக்க முடியவில்லை, ஏனென்றால் அது மக்கள் கொடுத்தது.

நாடு இரண்டு முகாமாகப் பிரிந்து நிற்கிற இந்த நேரத்தில்தான் எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. எதிர்முகாம் என்ன சொன்னாலும் இந்தப் பக்கம் காதில் ஏறுவதில்லை. சொந்தக் கட்சிக்காரர் எழுந்து “இது தப்பு” என்றால்தான் கொஞ்சமாவது திரும்பிப் பார்ப்பார்கள், அந்த ஆளையும் சேர்த்துத்தான் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. சபையில் ஒரு மசோதா மேல் பத்து மணி நேரம் பேசினாலும் ஓட்டு எண்ணிக்கை முதல் நாளே தெரிந்துவிடுகிறதே, அது பேச்சாளர்களின் குறையா?

வழி இல்லாமல் இல்லை. 1990லேயே தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு சொல்லிவிட்டது: நம்பிக்கை வாக்கு, பண மசோதா மாதிரி அரசின் உயிரைத் தொடுகிற ஓட்டுகளுக்கு மட்டும் பதவி பறிப்பு இருக்கட்டும், முடிவு சபாநாயகரிடம் வேண்டாம், தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ எடுக்கட்டும். கொறடா பிடியைத் தளர்த்தினால் மசோதாவுக்கு மசோதா பேரம் நடக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் நடக்கலாம், மறுக்கமாட்டேன். ஆனால் கோடிகள் புரள்வதும் ரிசார்ட்டில் பூட்டி வைப்பதும் ஆட்சியைப் பிடிக்கவோ காப்பாற்றவோதான், கூவத்தூரை நாம் பார்த்தோம். அந்த ஓட்டுகளில் கயிறு அப்படியே இருக்கும். கூடவே அந்த ‘இணைப்பு’ சலுகையையும் எடுத்துவிட வேண்டும். கட்சி மாற வேண்டுமா, எத்தனை பேரானாலும் ராஜினாமா செய்துவிட்டு மக்களிடம் வரட்டும்.

பத்து வருடத் தடையும் கூடாது. கர்நாடகத்தில் 2019ல் எம்.எல்.ஏ.க்கள் 17 பேரைத் தகுதி நீக்கம் செய்து, அந்தச் சபையின் காலம் முடியும்வரை நிற்கக் கூடாது என்று சபாநாயகர் சொன்னார். தகுதி நீக்கத்தை ஏற்ற உச்ச நீதிமன்றம், தடையை ஏற்கவில்லை. இடைத்தேர்தலில் அவர்களில் பெரும்பாலோர் தாங்கள் போய்ச் சேர்ந்த பா.ஜ.க.வின் சின்னத்தில் நின்று ஜெயித்தார்கள், பத்துப் பேர் அமைச்சரானார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்தே அந்தத் தொகுதி மக்கள் ஓட்டுப் போட்டார்கள். அதை ரத்து செய்கிற அதிகாரத்தை ஒரு சபாநாயகருக்கோ கட்சித் தலைமைக்கோ கொடுக்க எனக்கு மனமில்லை.